பழைய காரின் ஹெட்லைட் வெளிச்சத்தைக் கூட்டுவது: பல்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேட்டவரின் கார் 1960களில் வந்தது. 7 அங்குல வட்ட ஹெட்லைட், டைனமோ, அந்தக் காலத்து ஒயரிங் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எதிரே வண்டி வரும்போது டிம் போட்டால் சாலையின் ஓரம்கூடத் தெரிவதில்லை என்கிறார். எல்.இ.டி. பல்பு போடலாமா, 100 வாட் ஹாலஜன் போடலாமா, எதைப் போட்டாலும் காரின் முகம் மாறக்கூடாது என்பது அவருடைய கேள்வி.

இந்த இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இந்த வயதுடைய கார்களில் மங்கலான வெளிச்சத்துக்குப் பல்பு காரணமாக இருப்பது குறைவு. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னழுத்தம் பல்பை அடையும் முன்பே வழியில் கரைந்துவிடுகிறது. மிச்சமாக வந்து சேர்ந்து பிறக்கும் ஒளியையும் கறுத்துப்போன ரிஃப்ளெக்டர் (பல்பின் ஒளியைச் சாலைப் பக்கம் திருப்பும் உட்கிண்ணம்) விழுங்கிவிடுகிறது. வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மடையை மட்டும் அகலமாக வெட்டினால் வயலுக்குத் தண்ணீர் வராது. ஆகவே ஒயரிங், ரிஃப்ளெக்டர், பல்பு, கடைசியாக வெளிச்சம் விழும் இடத்தைக் குறி வைத்தல் என்ற வரிசையில் போவதே சரியானது.

இழை பல்பின் இயல்பு ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் ஒளி, மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ மின்னழுத்தத்தின் 3.4ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11.5 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால், குறைந்தது இரண்டே வோல்ட் என்று தோன்றும். ஆனால் ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது. வெளிச்சம் மஞ்சளாகவும் சோர்ந்தும் தெரிவது இதனால்தான். 'பழைய கார் என்றால் இப்படித்தான்' என்று பலரும் சகித்துக்கொள்ளும் மங்கல் வெளிச்சம், அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அதற்கு இருந்ததில்லை.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பல்பு எரியும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் சாக்கெட்டில் அளந்தால் மின்னோட்டமே இருக்காது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் தெரியாது. மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டி உங்களை ஏமாற்றும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மின்சாரம் வழங்கும் முனையிலும், மற்றொன்றை எரியும் பல்பின் பின்புறம் அதே மின்சாரம் வந்து சேரும் தகட்டிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்த வழி நெடுகிலும் தொலையும் மின்னழுத்தம். அடுத்து, பல்பின் எர்த் தகட்டுக்கும் (மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளவெடுங்கள். இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கை வைக்காத பழைய கார்களில் ஒன்றரை வோல்ட், இரண்டு வோல்ட் என்று வருவது சர்வ சாதாரணம். டிம்மிலும் பிரைட்டிலும் தனித்தனியாக, இரண்டு விளக்குகளிலும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு அதே இடங்களில் மறுபடி அளந்து பார்க்கும்போதுதான் என்ன மாறியது என்று உறுதியாகத் தெரியும்.

இந்த இழப்பு எங்கே நிகழ்கிறது? பெரும்பாலான பழைய கார்களில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் டிப் சுவிட்சுக்குப் போய், பிறகு மீண்டும் காரின் முன்பகுதிக்குத் திரும்புகிறது. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் மொத்தம் 10 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம், ஐந்து மீட்டர் சுற்றிவந்தால் 0.09 ஓம், 10 ஆம்பியரில் 0.9 வோல்ட் கம்பியிலேயே போய்விட்டது. இதற்குமேல் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள், கம்பிகளைச் சேர்க்கும், பச்சை பூத்த குண்டு வடிவ (புல்லட்) இணைப்பிகள், காலால் மிதிக்கும் டிப் சுவிட்சில் புகுந்த ஈரமும் மண்ணும் ஆகியவை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. ஹெட்லைட் போட்டு அரை மணி நேரம் ஓடிய பிறகு டாஷ்போர்டு சுவிட்சின் குமிழைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால், சாலையில் விழ வேண்டிய ஆற்றலின் ஒரு பங்கு அங்கே வெப்பமாகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நல்ல மருந்து ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கி பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச். என் கணிப்பில், ஒரு பழைய காரின் விளக்குக்குச் செய்யக்கூடிய வேலைகளில் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது இதுதான். வெளியே எதுவும் தெரியாது என்பதால் தோற்றமும் மாறாது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். நான்கு முனை ரிலேயின் மேல் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி 30இல் சேரும். 87இலிருந்து விளக்குக்குப் போகும். இதுவரை நேராக விளக்குக்குப் போய்க்கொண்டிருந்த பழைய கம்பியை 86இல் இணைத்து, 85ஐ எர்த் செய்துவிட்டால், பழைய சுவிட்ச் இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதற்குத் தேவை கால் ஆம்பியருக்கும் குறைவு. அறுபது வயதான சுவிட்சுக்கு இது பெரிய ஓய்வு. அதன் ஆயுளும் நீளும்.

புதிய கம்பி 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பேட்டரியிலிருந்து ரிலேக்கு வரும் கம்பி 4 சதுர மில்லிமீட்டராக இருப்பது இன்னும் நல்லது. ரிலேக்களை ரேடியேட்டருக்குப் பக்கத்தில், மழைநீர் தெறிக்காத மறைவில், முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால் நீர் உள்ளே தங்காது. காரில் அம்மீட்டர் (பேட்டரிக்கு ஏறும், இறங்கும் மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் ஓர் எச்சரிக்கை: மற்ற மின்சுமைகள் அம்மீட்டரின் எந்தப் பக்கத்தில் இணைந்திருக்கின்றனவோ அதே பக்கத்திலிருந்துதான் ரிலேக்கும் மின்சாரம் எடுக்க வேண்டும். நேராகப் பேட்டரியில் எடுத்தால், எஞ்சின் ஓடும்போது விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தைப் பேட்டரிக்கு ஏறும் சார்ஜ் என்று அம்மீட்டர் தவறாகக் காட்டும்.

பியூஸ் விஷயத்தில் சிக்கனம் கூடாது. பல பழைய பிரிட்டிஷ் கார்களில் ஹெட்லைட் சுற்றுக்குப் பியூஸே கிடையாது. பியூஸ் எரிந்து நடுச்சாலையில் இருட்டாகிவிடக் கூடாது என்று அன்று எண்ணியிருக்கலாம். ஆனால் பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கம்பியை இன்று பியூஸ் இல்லாமல் விடுவது தீயை அழைப்பதாகும். ஒவ்வொரு ரிலேக்கும் பேட்டரியை ஒட்டி ஒரு 20 ஆம்பியர் பியூஸ், ரிலேக்குப் பிறகு இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனியே 10 ஆம்பியர் பியூஸ் என்று அமைத்தால், ஒரு விளக்கின் பியூஸ் எரிந்தாலும் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அணையாது. ஒரே பியூஸில் இரண்டு விளக்கையும் மாட்டித் தரும் ஆயத்த ஒயரிங் தொகுப்புகளும் விற்கின்றன. அவற்றை வாங்கும் முன் பிரித்துப் பாருங்கள்.

எர்த் பக்கத்தை மறக்கிறவர்கள் அதிகம். விளக்கின் எர்த் கம்பி, பெயின்ட் பூசிய மட்கார்டில் ஒரு திருகின் கீழே மாட்டியிருக்கும். அந்தத் திருகைச் சுற்றித் துரு பிடித்திருக்கும். விளக்குகளிலிருந்து தனி எர்த் கம்பியை இழுத்து, சுரண்டிப் பளபளப்பாக்கிய சேசிஸ் உலோகத்தில் முறுக்கிவிட்டு, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். இந்த ஒரு வேலையால் மட்டுமே அரை வோல்ட் திரும்பக் கிடைப்பதுண்டு.

அடுத்தது ரிஃப்ளெக்டர். பழைய விளக்குகளில் பித்தளை அல்லது எஃகுக் கிண்ணத்தின் உள்ளே வெள்ளி முலாம் இருக்கும். வெள்ளி நல்ல பிரதிபலிப்பான்; ஆனால் காற்றுப் பட்டால் கறுத்துப்போகும். கறுத்த ரிஃப்ளெக்டரில் எந்தப் பல்பைப் போட்டாலும் வீண்தான். பிற்கால ரிஃப்ளெக்டர்களில் அலுமினியப் படலம் இருக்கும்; அது மிக மெல்லியது; துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறிவிடும். பளபளப்பாக்கும் பசையை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அரிய வகை விளக்காக இருந்தால் மறுபடியும் முலாம் பூசக் கொடுக்கலாம். கண்ணாடியையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: பல்லாண்டுகளாகச் சிறு கற்கள் பட்டு நுண்குழிகள் நிறைந்திருந்தால், அந்தக் குழிகள் ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்குக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். உள்ளே ஈரம் புகுவது அந்த வழியாகத்தான்.

இப்போது பல்புக்கு வரலாம். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து 7 அங்குல சீல்டு பீம் நிலையான அளவாயிற்று. இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் சேர்ந்த ஒரே மூடிய உறுப்பு அது. இழை அறுந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். அதே 7 அங்குல அளவை வேறு பல நாட்டுக் கார்களும் பயன்படுத்தியதால் நமக்கு ஒரு வசதி ஏற்பட்டது: பல்பை மட்டும் மாற்றக்கூடிய, எச்4 ஹாலஜன் பல்புக்கென்றே வடிவமைத்த 7 அங்குல விளக்குகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, அவை காரின் முகப்பில் விளக்கு உட்காரும் பழைய கிண்ணத்தில் அப்படியே பொருந்துகின்றன. 1971இல் அறிமுகமான எச்4, ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் கொண்டது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 13.2 வோல்ட்டில் முறையே ஏறத்தாழ 1650 லூமென், 1000 லூமென் (லூமென் என்பது ஒளியின் அளவு) தரும். ஹாலஜன் வாயு, இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதால், சாதாரணப் பல்பைப் போல உட்புறம் கறுப்பதில்லை.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். குவிந்த கண்ணாடி உள்ளதை எடுத்தால் பழைய முகம் மாறாது. தட்டைக் கண்ணாடி உடனே கண்ணில் உறுத்தும். நடுவில் மூன்று கால் கம்பி கொண்ட டிரைபாட் வகை விளக்கு உங்கள் காரில் இருந்தால், அதே தோற்றத்தில் எச்4 பல்பு ஏற்கும் விளக்கும் தேடினால் கிடைக்கும். இரண்டாவது, சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவதற்கான கண்ணாடி என்பது. டிம் வெளிச்சம் ஓரத்துப் பக்கம் சற்று மேலேறி வழிகாட்டும்படி கண்ணாடியின் வரிகள் அமைந்திருக்கும். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்து முத்திரை உள்ள விளக்கில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்புறம் காட்டும் ஓர் அம்பு இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இதை மாற்றிப் போட்டால் மேலேறும் வெளிச்சம் எதிரே வருபவரின் முகத்தில் நேராக விழும். மூன்றாவது, அந்த ஒப்புதல் முத்திரை உண்மையில் கண்ணாடியில் வார்க்கப்பட்டிருக்கிறதா என்பது. முத்திரை இல்லாத மலிவு விளக்குகளின் ரிஃப்ளெக்டர் வளைவே சரியாக இருப்பதில்லை.

பழைய விளக்கை வைத்துக்கொண்டு பல்பை மட்டும் எச்4க்கு மாற்றலாமா என்றால், அது விளக்கைப் பொறுத்தது. எச்4இன் டிம் இழைக்குக் கீழே சிறு கிண்ணம் போன்ற மறைப்புத் தகடு உண்டு. அதனால் டிம்மில் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்கிறது. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க விளக்குகள் பலவற்றில் இந்த மறைப்பு இல்லை; இழையைச் சற்று விலக்கி வைத்து முழு ரிஃப்ளெக்டரையும் டிம்முக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எச்4 பல்பை எப்படியாவது நுழைத்தால், ஒளி கூடும். ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழாது.

100 வாட் பல்பைப் பற்றிக் கேட்டிருந்தார். இரண்டு 100 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச வெளியீடே 22 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது மட்டும். வைப்பர், இக்னிஷன், பின்விளக்கு, பார்க்கிங் விளக்கு எல்லாம் சேர்ந்தால் கணக்கு இடிக்கிறது, போக்குவரத்து நெரிசலில் நின்றபடி ஓடும் எஞ்சினில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது, பேட்டரிதான் தேயும். அந்தப் பல்பின் வெப்பம் ரிஃப்ளெக்டர் படலத்தையும் பின்புறச் சாக்கெட்டையும் கருக்குகிறது. பல நாடுகளில் சாலையில் அதற்கு அனுமதியும் கிடையாது. ரிலே போட்டு முழு மின்னழுத்தம் கிடைத்த 60/55 வாட் பல்பு, ஒயரிங் சரியில்லாத 100 வாட் பல்பைவிடப் பயனுள்ள வெளிச்சம் தரும். நீல வண்ணம் பூசிய 'வெள்ளை ஒளி' பல்புகளும் வேண்டாம். பூச்சு ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டிவிடுகிறது. பகட்டைத் தவிர அதில் எதுவும் இல்லை. எந்த ஹாலஜன் பல்பின் கண்ணாடியையும் வெறும் விரலால் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

எல்.இ.டி.யில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எச்4 பல்பின் இடத்தில் மாட்டும் எல்.இ.டி. பல்பு ஒன்று. ஹாலஜன் இழை ஒரு சிறு உருளை; எல்லாப் பக்கமும் ஒளிர்கிறது; ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த உருளையை நம்பியே கணக்கிடப்பட்டது. எல்.இ.டி. சில்லுகளோ ஒரு தகட்டின் இரண்டு முகங்களில் அமர்ந்திருக்கும். அவற்றின் இடமும் அளவும் இழையோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனால் மட்டுமே டிம்மின் வெட்டுக்கோடு (வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் மேல்விளிம்பு) கூர்மையாக வரும், மலிவானவற்றில் வருவதில்லை. காருக்கு முன்னால் பத்து மீட்டருக்குள் பால் போல வெளிச்சம் கொட்டும்; ஓட்டுநருக்கு மகிழ்ச்சியாக இருக்கும்; ஆனால் அருகிலுள்ள அந்தப் பளிச்சிடலுக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவு முன்னைவிட இருட்டாகிவிடும். பின்புற விசிறிக்கு மூடிய கிண்ணத்துக்குள் காற்றோட்டம் இல்லை. பழைய ஏ.எம். ரேடியோ இருந்தால் இரைச்சல் சேரக்கூடும். பாசிட்டிவ் எர்த் உள்ள கார் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது) என்றால் இன்னும் கவனம் தேவை: இழைக்கு மின்முனை பேதமில்லை, எல்.இ.டி.க்கு உண்டு. இரண்டு முறைக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லாததை மாட்டக் கூடாது. பல நாடுகளில் ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு போடுவது விதிமீறல் என்பதையும் காப்பீட்டை நினைத்துக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மற்றது, முழு 7 அங்குல எல்.இ.டி. விளக்கு. தனக்கென்றே லென்சும் ரிஃப்ளெக்டரும் கொண்டது என்பதால், முத்திரை பெற்ற நல்ல தயாரிப்பின் ஒளி உண்மையிலேயே சிறந்தது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும் என்பதால் டைனமோவுக்கு நிம்மதி. இரவில் நெடுந்தூரம் ஓட்டுபவர்க்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் பகலில் பார்த்தால் அது இன்றைய பொருள் என்று அப்பட்டமாகத் தெரியும். தோற்றம் மாறக்கூடாது என்ற நிபந்தனையில் இது அடிபட்டுப் போகிறது. பின்புற வெப்பத்தகடு ஆழமாக இருப்பதால் பழைய கிண்ணத்தில் அடங்குமா என்று அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பனி பொழியும் ஊர்களில், கண்ணாடி சூடாகாததால் அதன்மேல் படியும் பனி உருகாமல் விளக்கை மறைத்துவிடும்.

6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே இதே இழப்புகள் இரண்டு மடங்கு வலிக்கும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் ஒளியில் கால் பங்கு குறைகிறது. 6 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் பாதிக்கு நெருக்கமாகக் குறைகிறது. அதே வாட்டுக்கு மின்னோட்டமும் இரு மடங்கு. ஆகவே முழு காரையும் 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் முன் 6 வோல்ட் ரிலேயும் தடித்த கம்பியும் நல்ல எர்த்தும் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதற்குமேல் தேவைப்படாது.

எல்லாம் முடிந்த பிறகு குறி வைக்காமல் விட்டால் செய்த வேலையில் பாதி வீணாகும். டயர்களில் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் என்ற நிலையில், சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். நிறுத்தும் முன் காரின் இரு முனைகளையும் நன்றாக அழுத்தி ஆட்டிவிட்டால் ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்துவிடும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடும், அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் போடுங்கள். டிம்மின் வெட்டுக்கோடு கீழ்க்கோட்டில் படிய வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்பது ஒரு விழுக்காடு சரிவு. உங்கள் நாட்டு விதி வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒரு விளக்கைக் கண்ணாடியில் படாதபடி அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்வது எளிது. எச்4இல் டிம் சரியானால் பிரைட் தானாகச் சரியாகிவிடும், இரண்டுக்கும் ஒரே ரிஃப்ளெக்டர்தான்.

துருப்பிடித்த சரிசெய்யும் திருகுகளை முந்தின நாளே ஊடுருவும் எண்ணெயில் ஊறவைத்துவிட்டு மெதுவாகத் திருப்புங்கள். அவை உட்காரும் சிறு பிளாஸ்டிக் குமிழ்கள் வயதானால் சட்டென்று உடையும். பின்புற இலை ஸ்பிரிங் தளர்ந்த கார்களில், பின்சீட்டில் மூவர் ஏறினாலே முகப்பு நிமிர்ந்து வெட்டுக்கோடு மேலே போய்விடும். உங்கள் கார் பெரும்பாலும் ஆட்களோடு ஓடுமென்றால், சுவரில் கோடு பார்க்கும்போது பின்சீட்டிலும் ஆட்களை உட்காரவைத்து ஒருமுறை சரிபாருங்கள்.